பறக்கும் தட்டுகள்: காட்சியும் ஆராய்ச்சியும்

வானத்தை அண்ணாந்து நோக்கி வியத்தல் மனிதனுக்கு ஆதிகாலந்தொட்டு அமைந்த இயல்பு. வால்வெள்ளி தோன்றின் அரசுக்குக் கேடு என்றும், விண்வீழ் கொள்ளி காணின் நாட்டுக்குத் தீது என்றும் நம் முன்னோர் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவ்வியப்புப் புதியதோர் உருவம் பெற்றது. பிற கிரகங்களில் வாழும் அறிவுடைய உயிர்கள் தட்டு வடிவான ஊர்திகளில் ஏறி நம் பூமிக்கு வந்து போகின்றன என்னும் பேச்சு உலகெங்கும் பரவியது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலர், வாசிகசாலை மேசையிலே அச்செய்திகளைப் படித்து, உண்மையோ பொய்யோ என வாதாடியவராயிருத்தல் கூடும். அவ்வாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

உண்மையோ பொய்யோ என்று வாதிடுமுன், இச்செய்திகளை அரசாங்கங்களே பொறுப்பேற்று ஆராய்ந்த வரலாற்றை அறிதல் நன்று. அவ்வாராய்ச்சிகள் எவற்றைக் கண்டன, எவ்விடத்துத் தவறின, எவற்றை விளக்காது விட்டன என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நம் சைவ சித்தாந்த நூலோர் பொருளை ஆராயப் புகுமுன் அளவையை வகுத்துக்கொண்டனர். சிவஞான சித்தியார் அளவையிலேயே தொடங்குகின்றது. காட்சி, கருதல், உரை என அளவை மூன்று. காட்சியெல்லாம் பிரமாணமாகா, ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே கொள்ளத்தக்கது. அந்திப் பொழுதிலே தொலைவில் நிற்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிபு. கயிற்றைப் பாம்பென்றவன் பொய்யனல்லன். அவன் கண்டது ஒன்று, கொண்டது மற்றொன்று. பறக்கும் தட்டு விடயத்திலே இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே பெருங் குழப்பம் விளைந்தது.

பெயர் பிறந்த வரலாறு

1947 ஆம் ஆண்டு யூன் மாதம் 24 ஆந் திகதி, கெனத் ஆர்னல்ட் என்னும் அமெரிக்கர் தம் சிறு விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்து றெயினியர் மலையருகே பறந்துகொண்டிருந்தார். ஒளிவீசும் ஒன்பது பொருள்கள் மிகு வேகத்துடன் வரிசையாகச் செல்வதைக் கண்டதாக அவர் கூறினார். நீர்ப்பரப்பின்மீது எறிந்த தட்டுத் தத்தித் தத்திச் செல்வதுபோல அவை அசைந்தன என்பது அவர் சொல்லிய உவமை. அது அசைவுக்குச் சொல்லிய உவமையேயன்றி வடிவுக்குச் சொல்லியதன்று. பத்திரிகைகளோ அதனை வடிவுக்காக்கிப் ‘பறக்கும் தட்டு’ எனப் பெயர் சூட்டின. பெயர் பரவியபின், எங்கணும் மக்கள் தட்டு வடிவையே காணத் தொடங்கினர். உரை காட்சியை ஆட்கொண்டதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

அரசாங்க ஆராய்ச்சி தொடங்குதல்

அக்காலம் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று ஐயுற்று நின்ற காலம். வானிலே தோன்றுவது பகைவரின் புதிய ஆயுதமோ என்னும் அச்சமே அமெரிக்க விமானப்படையை ஆராய்ச்சியில் இறக்கியது. 1948 இல் ‘சைன்’ என்னும் திட்டமும், 1949 இல் ‘கிறட்ஜ்’ என்னும் திட்டமும், 1952 இல் ‘புளூ புக்’, அதாவது நீல நூல் என்னும் திட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒகாயோ மாநிலத்து றைற்–பற்றேசன் விமானத் தளமே இவற்றுக்கு நிலையம். நீல நூல் திட்டத்தின் முதற் தலைவர் கப்டன் எட்வேட் றுப்பெல்ற் என்பவர். அலன் ஹைனெக் என்னும் வானியற் பேராசிரியர் ஆலோசகராக நெடுங்காலம் பணிபுரிந்தார்.

கண்டோரிடம் வினாத்தாள் கொடுத்து, கண்ட நேரம், திசை, உயரம், நிறம், எவ்வளவு நேரம் தோன்றியது என்பவற்றைக் கேட்டறிதல். பின்னர் அந்நேரத்தில் அவ்விடத்தைக் கடந்த விமானங்கள், பறக்கவிடப்பட்ட வானிலைப் பலூன்கள், கிரகங்களின் நிலை, வானிலைக் குறிப்பு என்பவற்றோடு ஒப்பிடுதல்: இதுவே ஆராய்ச்சியின் முறை. 1947 முதல் 1969 வரை 12,618 செய்திகள் பதிவாயின. அவற்றுள் 701 மட்டுமே அடையாளங் காணப்படாதவை என எஞ்சின. நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. ஏனையவற்றுட் பெரும்பாலானவை இயற்கைத் தோற்றங்களாகவோ மனிதன் ஆக்கிய பொருள்களாகவோ கொள்ளப்பட்டன. சில, விபரம் போதாமையால் ஒதுக்கப்பட்டன.

இயற்கையின் மாயங்கள்

பெரிதும் மயக்கியது வெள்ளிக் கிரகம். சூரியன், சந்திரன் என்பவற்றுக்கு அடுத்தபடி வானில் ஒளிமிக்க கோள் அதுவே. அடிவானத்தருகே நிற்கையில் அதன் ஒளி அடர்ந்த வளியினூடு நெடுந்தூரம் வருதலால், நடுங்கியும் நிறம் மாறியும் தோன்றும். இருளிலே தனித்து நிற்கும் ஒளியை உற்று நோக்கின், அசையாத அவ்வொளி அசைவதாகத் தோன்றுதலும் கண்ணின் இயல்பு. வண்டியிற் செல்லும் சிறுவனைச் சந்திரன் தொடர்ந்து வருவதுபோல, மோட்டார் வண்டியிற் செல்வோனை வெள்ளியும் தொடர்ந்து வரும். அவன் நிற்க அதுவும் நிற்கும். 1967 இல் ஜோர்ஜியா மாநிலத்துப் பொலிஸ் உத்தியோகத்தர்கள் இவ்வாறே வெள்ளியைத் துரத்திச் சென்றமை ஆராய்ச்சி அறிக்கையிற் பதிவாகியுள்ளது. அவர்கள் கடமையுணர்ச்சியும் நிதானமும் உள்ளோரே. ஆயினும் கண் அவர்களுக்கும் கண்ணே.

அடுத்தது வளிமண்டலம் செய்யும் மாயம். 1952 யூலையில், அடுத்தடுத்த இரு வார இறுதிகளில், தலைநகராகிய வாஷிங்டனின் விமான நிலையத்து றேடார்த் திரையிலே இனந்தெரியாத புள்ளிகள் தோன்றின. போர் விமானங்கள் ஏவப்பட்டன. நாடே கலங்கியது. யூலை 29 இல் விமானப்படைப் புலனாய்வுப் பணிப்பாளர் ஜோன் சாம்போட் பத்திரிகையாளரைக் கூட்டி விளக்கங் கூறினார். வழக்கமாக மேலே செல்லச் செல்ல வளியின் உஷ்ணம் குறையும். சிலவேளை கோடை இரவுகளில் நிலத்தை அடுத்த வளி குளிர்ந்தும் அதன் மேற்படை சூடாகவும் இருக்கும். அந்நிலையில் றேடார் அலைகள் வளைந்து நிலத்தை நோக்கித் திரும்பி, கட்டடம், வாகனம், படகு முதலியவற்றிற் பட்டு மீளும். திரையிலோ அவை வானத்திலே திரிவன போலப் புலப்படும். வெயிற்காலத்து வெளியிலே நாம் காணும் கானல் நீரை ஒத்தது இது. கானல் கண்ணை மயக்குவது, இது கருவியை மயக்குவது. அவ்விரவுகளில் உஷ்ணத் தலைகீழ் நிலை இருந்தமையும், பின்வந்த ஆய்வுகளிற் காட்டப்பட்டது. எனினும் திரைமுன் இருந்தோருட் சிலர் இவ்விளக்கத்தை இறுதிவரை ஏற்றிலர் என்பதையும் சொல்லுதல் நேர்மை.

மூன்றாவது விண்ணிலிருந்து வீழ்வன. 1968 மார்ச் 3 ஆந் திகதி இரவு, சோவியத் நாட்டின் ‘சொண்ட் 4’ என்னும் விண்கலத்தை ஏற்றிச் சென்ற ஏவுகணையின் சிதைவுகள் அமெரிக்க வானிலே எரிந்து வீழ்ந்தன. அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற எரிதுண்டுகள், வரிசையாகச் சென்றன. கண்டோர் பலர் துண்டுகளையே கண்டதாக எழுதினர். சிலரோ, சுருட்டு வடிவான ஒரு பெருங் கலத்தையும் அதன் பக்கத்திலே ஒளியூட்டிய சாளர வரிசையையும் கண்டதாக எழுதினர். ஒளிப்புள்ளிகளுக்கு இடையேயிருந்த இருளை அவர்தம் மனமே உடலாக்கி இணைத்துவிட்டது. பொருள் இன்னதென ஐயமறத் தெரிந்திருந்தமையால், கண் எவ்வளவு கண்டது, கருத்து எவ்வளவு கூட்டியது என அளந்து பார்த்தற்கு இந்நிகழ்ச்சி ஆராய்ச்சியாளருக்கு அரிய வாய்ப்பாயிற்று.

இனிச் சதுப்பு நிலத்து ஒளி. 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்திலே டெக்ஸ்ரர், ஹில்ஸ்டேல் என்னும் இடங்களில், சேற்று நிலத்தின்மேல் ஒளிகள் அசைந்ததைப் பலர் கண்டனர். ஹில்ஸ்டேலிற் கண்டோருட் பெரும்பாலார் ஒரு கல்லூரி மாணவியர். பேராசிரியர் ஹைனெக் அங்கு சென்று, இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் சதுப்பு வாயு காரணமாயிருக்கலாம் என்றார். நீரில் ஊறி அழுகும் தாவரங்களிலிருந்து மெதேன் வாயு எழுகின்றது. அதனோடு கலந்து வரும் பொசுபரசுச் சேர்வைகள் அது பற்றி எரியக் காரணமாகலாம் என்பர். நம் நாட்டார் இத்தகைய ஒளியையே கொள்ளிவாய்ப் பேய் என்றனர். ‘இருக்கலாம்’ என்று அவர் சொன்னதைப் பத்திரிகைகள் ‘எல்லாம் சதுப்பு வாயுவே’ எனத் திரித்து வெளியிட்டன. கண்டோர் தாம் நகைக்கப்பட்டதாக வெகுண்டனர். அம்மாநிலத்துப் பிரதிநிதியும் பிற்காலத்து ஜனாதிபதியுமாகிய ஜெரால்ட் போர்ட், காங்கிரஸ் சபை விசாரணை வேண்டுமெனக் கோரினார்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரின் அனுபவமும் இங்கு குறிக்கத்தக்கது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவரும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கியவருமாகிய ஆதர் சீ. கிளாக், 1964 மே மாதம் நியூயோர்க் நகரில் திரைப்பட நெறியாளர் ஸ்ரான்லி கியூபிறிக்குடன் நின்றபோது, வானிலே பேரொளியொன்று செல்வதைக் கண்டார். செய்மதித் தொடர்பு பற்றி உலகுக்கு முன்கூட்டியே உரைத்த அறிஞராகிய அவருக்கும் அது யாதென உடனே விளங்கவில்லை. பின்னர் வானியல் நண்பர்களின் உதவியால், அது 1960 இல் ஏவப்பட்ட ‘எக்கோ’ என்னும் செய்மதியென அறிந்தார். நூறு அடி விட்டமுள்ள பளபளத்த பலூன் அது. அறிஞரும் மயங்குவர்; மயங்கியபின் விசாரித்து அறிதலே அறிஞர்க்கு அழகு.

மறைத்தலால் வந்த கேடு

இதுவரை கூறியவை இயற்கையும் கண்ணும் செய்த மயக்கங்கள். அரசாங்கமே செய்த மயக்கமும் உண்டு. 1948 சனவரி 7 ஆந் திகதி, கென்ரக்கி மாநிலத்துக் கொட்மன் விமானத் தளத்தருகே வெண்ணிறமான பெரும் பொருளொன்று உயரத்தில் நிற்பதாகச் செய்தி வந்தது. அவ்வழி பறந்துகொண்டிருந்த கப்டன் தோமஸ் மன்ரெல் என்னும் விமானியை அதனை அணுகிப் பார்க்கும்படி வேண்டினர். உடன் சென்றோர் ஒட்சிசன் வசதியின்மையால் ஏறத்தாழ 22,000 அடி உயரத்தோடு திரும்பினர். அவரோ மேலும் ஏறினார். மெல்லிய வளியில் அறிவிழந்தார் போலும். விமானம் வீழ்ந்து நொறுங்கியது. யுத்தத்திலே உயிர் தப்பி வந்த அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது 25.

அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என முதலில் விளக்கங் கூறப்பட்டது. பட்டப்பகலில் வெள்ளி அத்துணைப் பெரிதாய்த் தோன்றாது எனப் பலர் மறுத்தனர், மறுத்தது சரியே. சில ஆண்டுகளின்பின் நீல நூல் திட்டத்தார் மீண்டும் ஆராய்ந்து, அது ‘ஸ்கைஹுக்’ என்னும் பெரும் பலூனாதல் மிகவும் பொருந்தும் எனக் கண்டனர். ஏறத்தாழ நூறு அடி விட்டமுள்ள அப்பலூன், விமானம் எட்டமுடியாத உயரத்தில் மிதப்பது. கடற்படையினர் அதனை இரகசியமாகப் பறக்கவிட்டு வந்தமையால், கொட்மன் தளத்தாரும் அறிந்திலர், மன்ரெலும் அறிந்திலர். அறிந்திருந்தால் அவர் அவ்வுயரம் ஏறியிருக்கமாட்டார் என நினைக்கையில் நெஞ்சம் வருந்துகின்றது.

1947 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்து றொஸ்வெல் நகரருகே கிடந்த சிதைவுகளின் கதையும் இத்தகையதே. பறக்கும் தட்டு அகப்பட்டது என இராணுவத்தார் முதலில் அறிவித்து, மறுநாளே வானிலைப் பலூன் என்றனர். சோவியத் நாட்டு அணுகுண்டுச் சோதனைகளை ஒலியாற் கண்டறியப் பறக்கவிடப்பட்ட ‘மோகல்’ என்னும் இரகசியப் பலூன் தொடரே அது என விமானப்படை 1994 இலேதான் விரித்துரைத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ கட்டுக்கதைகள் முளைத்து மரமாயின. 1955 முதல் 60,000 அடிக்கு மேற் பறந்த ‘யூ–2’ உளவு விமானங்களும் பல செய்திகளுக்குக் காரணமாயின என்பதையும், உண்மை அறிந்த உத்தியோகத்தர் அதனை வெளியிடாது வேறு காரணங் காட்டினர் என்பதையும், மத்திய உளவு நிறுவனத்தின் வரலாற்றுக் கட்டுரையொன்று 1997 இல் ஒப்புக்கொண்டது. ஒருமுறை பொய் விளக்கங் கூறியவன் பின்னர் மெய் விளக்கங் கூறினும் உலகம் நம்பாது.

அறிஞர் குழுக்களின் முடிவு

1953 சனவரியில் பௌதிகவியலறிஞர் றொபேட்சன் தலைமையில் ஐந்து விஞ்ஞானிகள் கூடினர். தட்டுகளால் நாட்டுக்கு நேரடியான ஆபத்தில்லை. செய்திகள் வெள்ளமெனப் பெருகி உண்மையான எச்சரிக்கையை மூழ்கடித்தலே ஆபத்து என்பது அவர்தம் முடிவு. மிச்சிகன் ஆரவாரத்தின் பின் 1966 இல், கொலராடோ பல்கலைக்கழகத்திலே எட்வேட் கொண்டன் என்னும் பௌதிகவியலறிஞரிடம் முழு ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டது. இருபத்தொரு ஆண்டுகளாகச் செய்த ஆய்வினால் விஞ்ஞான அறிவு எதுவும் பெருகவில்லை என்றும், மேலும் விரிவான ஆய்வு பயன்தராது போலும் என்றும் 1969 சனவரியில் வெளியான அவ்வறிக்கை கூறிற்று. தேசிய விஞ்ஞானக் கழகமும் அதனை ஆதரித்தது. அவ்வாண்டு திசெம்பரில் நீல நூல் மூடப்பட்டது. ஆராயத் தொடங்குமுன்னரே முடிவை மனத்திற் கொண்டவர் கொண்டன் எனச் சிலர் குறை கூறினர். ஹைனெக்கும் பிற்காலத்தில், எஞ்சியவற்றை இன்னும் ஆராய வேண்டும் என்னுங் கருத்தினராகி, 1973 இல் தனியே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார்.

பிரான்சு நாட்டிலே விண்வெளி ஆய்வு நிலையம் 1977 இல் இதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. பெயர் மாறியும் அப்பிரிவு இன்றும் பணிபுரிகின்றது. அது செய்திகளை நால்வகையாக்கும்: தெளிவாக விளங்கியவை, பெரும்பாலும் விளங்கியவை, தகவல் போதாமையால் முடிவு கூறமுடியாதவை, தகவல் போதியிருந்தும் விளங்காதவை. பின்னிரண்டையும் வேறு பிரித்தமை நுட்பமானது. தகவல் இன்மையும் விளக்கம் இன்மையும் ஒன்றல்ல. 2007 முதல் தன் ஏடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கும் அது திறந்துவைத்தது.

அமெரிக்காவிலும் இவ்விடயம் மீண்டும் எழுந்தது. 2021 இல் வெளியான அரசாங்க அறிக்கை 144 செய்திகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைமட்டும் வாயு குறைந்து சுருங்கும் பெரும் பலூன் எனத் துணிந்தது. 2022 இல் பாதுகாப்புத் திணைக்களத்தில் தனி அலுவலகம் அமைந்தது. நாசா நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு 2023 இலும், மேற்படி அலுவலகம் 2024 இலும், அயலுலகத்தார் வருகைக்கு ஆதாரம் இல்லை என்றே கூறின. செம்மையான கருவிகளால் முறைப்படி திரட்டிய தரவு வேண்டும் என்பது நாசா குழுவினரின் முதன்மையான ஆலோசனை.

எஞ்சியவை யாவை?

விளங்காத 701 செய்திகளும் அயலுலகத்தார் ஊர்திகளல்லவோ என வினவுவார் உளர். இங்கேதான் கருதலளவை துணைசெய்கின்றது. அடுக்களையிலே புகையும் நெருப்பும் கூடியிருத்தலை முன்பு கண்டவன், மலையிற் புகை கண்டவிடத்து அங்கு நெருப்புண்டென உணர்கின்றான். அயலுலக ஊர்தியை எவ்விடத்தும் ஐயமறக் கண்டாரில்லை. அவ்வாறாகவே, வானில் ஓர் ஒளி கண்டு அவ்வூர்தியை அனுமானித்தற்கு முற்கண்ட தொடர்பு யாதுமில்லை. ‘அடையாளங் காணப்படாதது’ என்பது நம் அறியாமைக்கு இட்ட பெயர். பொருளுக்கு இட்ட பெயரன்று.

இதே அளவை மறுதரப்பாருக்கும் உரியது. மன்ரெலின் மரணத்தை வெள்ளிக் கிரகத்தின் தலையிற் சுமத்தியவரும் போதிய ஏதுவின்றியே துணிந்தனர். எவ்வாறாயினும் ஒரு விளக்கங் கூறிவிடல் வேண்டும் என்னும் அவசரமும், எவ்வாறாயினும் ஓர் அதிசயங் காணல் வேண்டும் என்னும் ஆவலும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். பிற உலகங்களில் உயிர் உண்டோ இல்லையோ என்பது வேறு வினா. அண்டங்கள் எண்ணிறந்தன எனக் கொண்ட சமயத்தவராகிய நமக்கு அவ்வினா அச்சந் தருவதுமன்று. ஆயின் அதற்கு விடை தொலைநோக்கியாலும் பொறுமையான ஆய்வாலும் வரவேண்டியதேயன்றி, இரவிலே கண்ட ஓர் ஒளியால் வரத்தக்கதன்று.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் நம் காலத்தாரினும் அதிகமான விந்தைச் செய்திகளைக் கேட்கின்றனர். 2019 முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்படும் செய்மதிகள் மணிமாலைபோல வானிலே வரிசையாகச் செல்லும் காட்சியை நம் ஊரிலிருந்தும் காணலாம். அத்தகைய காட்சியொன்று எதிர்ப்படின் நேரத்தைக் குறித்துக்கொள்க. திசையையும் உயரத்தையும் குறித்துக்கொள்க. உடன் கண்டாரோடு பேசித் தெளியுமுன் தனித்தனி எழுதுக. பின்னர் வெள்ளி, வியாழன் முதலியன எங்கு நின்றன எனப் பார்க்க. யாதும் பொருந்தாவிடின் ‘அறியேன்’ என்று எழுதி வைத்தலில் இழிவில்லை. கண்டேன் என்று சொல்பவனை எள்ளி நகையாடாது, அவன் கண்டதையும் கொண்டதையும் பொறுமையோடு பிரித்துக் காட்டுதல் கற்றார் கடன். இப்பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டும் பணி, விழாக் கொண்டாடும் நம் கல்லூரியிலே என்றும் நின்று நிலவுவதாக.